எட்டாத ‘விடு’

துணி அலமாரிக்குள் நின்றுகொண்டு பாடிப் பார்த்திருக்கிறீர்களா? வேண்டாம், பார்க்காதீர்கள். முகத்துக்கு முன்னால் மைக், முதுகுக்குப் பின்னால் என் வீட்டுக்காரரின் சட்டைகள், தலைக்கு மேல் இரண்டு போர்வைகள், கழுத்தில் தொடங்கி இடுப்புவரை இறங்கும் வியர்வை. மின்விசிறி போடக் கூடாது, அதன் சத்தம் மைக்கில் விழும். கதவைத் திறக்கக் கூடாது, தெருவே உள்ளே வந்துவிடும். ராக் பாட்டாம், ராக் பாட்டு! தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு மேடையில் பாட வேண்டியதை, பாச்சை உருண்டை நாற்றத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தேன்.

பாட்டின் மற்ற இடங்களில் தகராறு இல்லை. பல்லவி முடிகிற இடத்தில் ‘வழி விடு’ என்று வரும். ‘வழி’ கீழே, ‘விடு’ உச்சத்தில். அந்த ‘விடு’வைப் பிடித்து இழுத்து நீட்டி, அப்படியே கிடாரிடம் ஒப்படைக்க வேண்டும். எனக்கு ‘வழி’ வந்தது. ‘விடு’ வரவில்லை. ஒரு தடவை வெறும் காற்று வந்தது. அடுத்த தடவை ஒரு கிறீச்சல். கதவிடுக்கில் வால் மாட்டிய பூனைகூட இன்னும் கொஞ்சம் சுதியோடு கத்தியிருக்கும்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். காலையிலிருந்து சாயங்காலம்வரை ‘கிளட்சை விடுங்க, கண்ணாடியைப் பாருங்க, ஐயையோ பிரேக்கு’ என்று கத்துவதுதான் பிழைப்பு. என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக், கிடார் வாசிப்பான். அவனுடைய கூட்டாளி பல் டாக்டர், டிரம்ஸ் அடிப்பார். நாங்கள் மூன்று பேர்தான் குழு. முன்பெல்லாம் அண்ணன் வீட்டு அறையில் ஒன்றாக உட்கார்ந்து, சண்டை போட்டு, பதிவு செய்வோம். அண்ணன் ஊரின் அந்தக் கோடிக்குக் குடிபோனான், நான் இந்தக் கோடி, பல் டாக்டருக்கு ஞாயிற்றுக்கிழமைகூட யாராவது வாயைத் திறந்துகொண்டு வந்து நிற்கிறார்கள். ஆகவே இந்தப் பாட்டு மட்டும் வீட்டுக்கு வீடு. அவர்கள் வாசித்ததைக் கணினி வழியாக எனக்கு அனுப்புவார்கள், நான் அதை ஹெட்போனில் போட்டுக் கேட்டபடி பாடி, என் குரலை மட்டும் திருப்பி அனுப்புவேன். அண்ணன் எல்லாவற்றையும் ஒட்டவைப்பான். அதுதான் ஏற்பாடு.

நடுவில் எனக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை, அதற்காகக் கும்பிட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அறுவை செய்த டாக்டரம்மா போகிற போக்கில் ஒன்று சொல்லிவிட்டுப் போனார்.

“பேச்சு வந்துடும்மா. கத்தறதுகூட வரும். உச்சத்துல பாடறதுக்குன்னு ஒரு நரம்பு இருக்கு, ரொம்ப மெலிசு. அது என்ன ஆச்சுன்னு நீங்க பாடிப் பாத்தாத்தான் தெரியும்.”

பேச்சு வந்தது. கத்தலும் வந்தது, என்னிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்களைக் கேளுங்கள். பாடுவதை மட்டும் நான் தொடவில்லை. பயம். உள்ளதைச் சொல்வதில் என்ன? தொட்டால் தெரிந்துவிடும். இந்தப் பாட்டின் மெட்டு அறுவைக்கு முன்னால் நானே கட்டியது. அப்போது அந்த ‘விடு’வைக் காரில் போகும்போதே அனாயாசமாக எட்டுவேன், பக்கத்து வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அண்ணன் அதே சுதியில்தான் கிடாரைப் பதிவு செய்திருந்தான். எட்டினால் என் குரல் இருக்கிறது. எட்டாவிட்டால் போய்விட்டது. எனக்கு வேறு பரிசோதனை எதுவும் கிடையாது.

இந்தக் கணினி சமாச்சாரம் வேறு என் பொறுமையைச் சோதித்தது. பல் டாக்டர் தன்னிடம் இருந்த பழைய ஒலிப்பதிவுப் பெட்டி ஒன்றை எனக்குக் கொடுத்திருந்தார், அண்ணன் தன் மென்பொருளையே என் மடிக்கணினியில் ஏற்றித் தந்திருந்தான். அவர்கள் அனுப்பியதை உள்ளே இழுக்கும்போதெல்லாம் அது நீளமாக ஏதோ கேட்கும். கீழே ‘ஆம்’, ‘வேண்டாம்’ என்று இரண்டு பொத்தான். யார் உட்கார்ந்து படிப்பது? ‘வேண்டாம்’ என்று அழுத்திவிடுவேன். முன்பின் தெரியாதவர்கள் எது கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுவது என் வழக்கம்.

ஒரு நாள் நன்றாக நினைவிருக்கிறது, முதல் சரணம் அழகாக வந்துகொண்டிருந்தது. எனக்கே ஒரு குளிர்ச்சி. இரண்டாவது வரி முடிந்து மூச்சு எடுக்கிறேன், கூடத்திலிருந்து ஒரு தும்மல். என் வீட்டுக்காரர் பெயிண்ட் கான்ட்ராக்டர். சுவர் தேய்க்கிற தூசி மூக்கில் குடியிருக்கிறது. அவர் தும்மினால் மாடியில் இருப்பவர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள். அலமாரிக் கதவை உதைத்துத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

“என்னங்க, உங்களுக்குத் தும்ம வேற நேரமே கிடைக்கலையா?”

“தும்மல் என்ன சொல்லிட்டா வருது?”

“வாசப்படிக்குப் போய்த் தும்மக் கூடாதா? கீழ போய்த் தும்மக் கூடாதா?”

“சரிம்மா, சரிம்மா, கோவப்படாத. உன் உடம்புக்கு ஆகாது” என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. உன் உடம்பு, உன் உடம்பு. ஒரு வருஷமாக இந்த வீட்டில் யாரும் என்னோடு முழுச்சண்டை போட்டதில்லை. நான் கத்துவேன், எதிரே இருப்பவர் தண்ணீர் கொடுப்பார். சுவரோடு சண்டை போடுவதற்கு இது பரவாயில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அந்தத் தும்மல் விழுந்த பதிவைத்தான் கடைசியில் அனுப்பினேன். சரணம் அதில்தான் நன்றாக இருந்தது. தும்மலை அண்ணன் வெட்டிக்கொள்வான். ‘விடு’ அதிலும் உடைந்துதான் இருந்தது. மற்றவற்றில் இன்னும் மோசம்.

மறுநாள் ஒரு வங்கி அதிகாரிக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். மனிதர் நல்லவர். ஆனால் எதிரே லாரி வந்தால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். வண்டியை ஓரங்கட்டச் சொல்லி அவருக்கு மூச்சு வாங்க நேரம் கொடுத்திருந்தபோது அண்ணன் கூப்பிட்டான்.

“கேட்டேன்மா” என்றான்.

மா! இவன் என்னை வாழ்நாளில் ‘மா’ போட்டுக் கூப்பிட்டதில்லை. சின்ன வயதில் சுதி தவறினால் கிடார் வார் பறந்து வரும். கழுதை, சனியன், ஓட்டை விசில் என்று அவன் எனக்கு வைத்த பட்டங்களை எழுதினால் பாட்டைவிட நீளமாக இருக்கும்.

“எப்படி இருக்கு?”

“நல்லா… நல்லாத்தான் இருக்கு.”

“அண்ணா, நேரா சொல்லு.”

“இல்ல, கொஞ்சம் கனமா இருக்கு. குரல் ஒரு மாதிரி… அசதியா இருக்கிற மாதிரி. ஒண்ணும் அவசரமில்ல, நீ ரெஸ்ட் எடு. வேணும்னா சுதியைக் கொஞ்சம் இறக்கிக்கலாம்.”

“எதுக்கு இறக்கணும்? மெட்டு போட்டவ நான். இதே சுதிலதான் பாடினேன்.”

“அது முன்னாடி.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான், போனிலேயே தெரிந்தது. “ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. பேசிக்கலாம். உங்க அண்ணியோட தங்கச்சி வந்திருக்கா. அவளும் சும்மா ஒருதடவை பாடிப் பாத்தா. சும்மாத்தான்.”

போனை வைத்தேன். வங்கி அதிகாரி, “கிளம்பலாமா மேடம்?” என்றார். “கிளம்புங்க. கண்ணைத் திறந்துகிட்டுக் கிளம்புங்க” என்று நான் கத்திய கத்தலில் தெருவோரம் படுத்திருந்த நாய் எழுந்து போனது. கத்தல் மட்டும் வருகிறது, பாருங்கள். டாக்டரம்மா சொன்னது அட்சரம் பிசகாமல் நடக்கிறது.

அண்ணியின் தங்கை முறையாகச் சங்கீதம் படித்தவள். அடக்கமானவள், அழகானவள், வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள். அவளைப் பிடிக்காமல் போக எனக்கு ஒரு காரணமும் இல்லை. அந்த வாரம் முழுவதும் தேடித் தேடிப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் எரிச்சல் இரட்டிப்பானது.

ஞாயிறு மதியம் வீட்டுக்காரரும் நானும் அண்ணன் வீட்டுக்குப் போனோம். பின்னறையில்தான் அவனுடைய சாமான்கள். மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, ஜன்னலில் ஜமுக்காளம் தொங்கவிட்டிருந்தான். மேஜைமேல் கணினி, இரண்டு பக்கமும் அவன் உயிராக நினைக்கும் பெரிய ஸ்பீக்கர்கள். பல் டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அண்ணி என் தோளைப் பிடித்து, “இளைச்சுட்டே” என்றாள். நான் இளைக்கவில்லை. அந்த மாதத்தில்தான் இரண்டு கால்சட்டை பத்தாமல் போயிருந்தது.

“முதல்ல அவ பாடினதைப் போடு” என்றேன்.

“அதெல்லாம் இப்ப எதுக்கு…”

“போடு.”

போட்டான். நன்றாகப் பாடியிருந்தாள். சொல்வதற்கே வாய் கசக்கிறது, ஆனால் நன்றாகத்தான் பாடியிருந்தாள். ஒவ்வொரு சொல்லும் கழுவித் துடைத்து அடுக்கிய தட்டு மாதிரி. ‘வழி விடு’ என்று அவள் கேட்டால் எதிரே நிற்பவன், ‘அதுக்கென்ன, மெதுவா வாங்க’ என்பான். ஆனாலும் ‘விடு’வை எட்டிவிட்டாள். ஆனால் எனக்கு வேறு ஒன்று உறுத்தியது. பாட்டு மெதுவாகப் போனது. சுதியும் கீழே.

“சுதியை இறக்கிட்டியா?” என்றேன்.

“இல்லையே.”

“பொய் சொல்லாத. எனக்கு அனுப்பினது இது இல்ல. அது இதைவிட மேல. இதைவிட வேகம். அவளுக்கு வசதியா இறக்கிக் குடுத்துட்டு என்னை மட்டும் உச்சாணிக் கொம்புல ஏத்தி விட்டிருக்கே.”

“கிடாரை நான் தொடவே இல்லம்மா. சத்தியமா.”

“மெதுவா அடிச்சா உங்களுக்குத் தூக்கம் வருமே, இப்ப எப்படி மெதுவா அடிச்சீங்க?” என்று பல் டாக்டர் பக்கம் திரும்பினேன். அவர் எப்போதும் தாளத்தை முந்திக்கொண்டு ஓடுகிறவர். எனக்கு வந்த பதிவில் வேகம் கூடியிருந்தபோது, வழக்கம்போல் ஓடியிருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

“நான் ஒருதடவைதான் அடிச்சேன் தங்கச்சி. அதேதான் ரெண்டு பேருக்கும்” என்றார். பிறகு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி தரையைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. குரலோடு காதும் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

“என்னுதைப் போடு” என்றேன்.

“வேணாமே.”

“அண்ணா, நான் அழுவறதுக்கு முன்னாடி போட்டுடு.”

போட்டான். அதே தாளம், அதே கிடார். அதன்மேல் ஒரு குரல் வந்தது. அது என் குரல் என்று என்னால் நம்ப முடியவில்லை. கனமாக, இருட்டாக, மாத்திரை போட்டுக்கொண்டு எழுந்து வந்தவள் பாடுவதைப் போல இருந்தது. சொற்கள் நாக்கில் ஒட்டிக்கொண்டு இழுபட்டன. தாளத்தில் சரியாக நின்றது, சுதியிலும் சரியாக இருந்தது. குரல்தான் என்னுடையதாக இல்லை. வீட்டில் என் ஹெட்போனில் கேட்டபோது இப்படி இல்லையே என்று நினைத்தேன். உடனே, அது மலிவான ஹெட்போன், இது பெரிய ஸ்பீக்கர், இதுதான் உண்மையைச் சொல்கிறது என்றும் நினைத்தேன். தன் குரல் தனக்கு எப்போதும் நன்றாகத்தான் கேட்கும்.

இதைத்தான் இவன் ஒரு வாரமாக வைத்துக்கொண்டு என்னிடம் சொல்ல முடியாமல் தவித்திருக்கிறான். ‘மா’ போட்டதன் அர்த்தம் இப்போது விளங்கியது. கோபம்கூட வரவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

“நிறுத்திடு” என்றேன். “அவளே பாடட்டும்.”

“அக்கா, அப்படியெல்லாம் இல்ல…” என்று அறை வாசலில் நின்ற அண்ணியின் தங்கை, அந்தச் சின்னவள் தொடங்கினாள்.

“இல்லடா கண்ணு. நீ நல்லாப் பாடியிருக்கே. அண்ணா, நிறுத்து.”

நிறுத்தத்தான் அவன் கையை நீட்டினான். அதற்குள் இரண்டாவது வரி முடிந்து, அந்த இடம் வந்துவிட்டது. ஸ்பீக்கரிலிருந்து, கிணற்றுக்குள் எருமை விழுந்ததைப் போல, நீளமாக, அடித்தொண்டையில், ‘ஹ்ஹ்ஹா…ஆ…ஆச்ச்’ என்று ஒரு சத்தம்.

எல்லோரும் திடுக்கிட்டார்கள். “என்னது அது?” என்றாள் அண்ணி.

“நாந்தான்” என்றார் என் வீட்டுக்காரர், வெட்கத்தோடு. பிறகு முகம் சுளித்தார். “ஆனா நான் இப்படியா தும்முவேன்? மச்சான், இது என் தும்மலே இல்ல. என் தும்மல் பட்டாசு மாதிரி இருக்கும்.”

உண்மைதான். அந்தத் தும்மலோடு கல்யாணமான நாளிலிருந்து குடித்தனம் நடத்துகிறேன், எனக்குத் தெரியாதா? வெடுக்கென்று வெடிக்கும், கூரையில் எதிரொலிக்கும், முடிந்துவிடும். இது யாரோ அரக்கனின் தும்மல்.

“அண்ணா” என்றேன். “கழுத்துல கத்தி வெச்சது எனக்கா, இவருக்கா?”

“என்ன உளர்றே?”

“என் குரல் கனமாயிடுச்சு, சரி. ஆபரேஷன். இவர் தும்மல் எப்படிடா கனமாச்சு?”

முதலில் எழுந்தவர் பல் டாக்டர். அண்ணனுக்கு நான் அனுப்பிய பதிவு என் போனிலும் இருந்தது. அதை வாங்கி, நேராகப் போனிலேயே போட்டார். சரணம் வந்தது. சின்னக் குரல், மெல்லிய குரல், ஆனால் என் குரல். வெளிச்சமாக, வெடுக்கென்று, என்னைப் போலவே கோபத்தோடு. இரண்டாவது வரி முடிந்ததும் தும்மல் பட்டாசாக வெடித்தது. என் வீட்டுக்காரர், “பாத்தீங்களா?” என்று எல்லோரையும் பெருமையாகப் பார்த்தார்.

அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். “இது… இதுவா நீ பாடினது?”

“பின்ன உன் பாட்டியா பாடினா?”

பல் டாக்டர் அண்ணனைத் தள்ளிவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்தார். எதை எதையோ திறந்து பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். ஒலியை நொடிக்கு எத்தனை துண்டாக நறுக்கி வைப்பது என்று இரண்டு கணக்கு உண்டாம். அண்ணன் கணினியில் ஒன்று, பல் டாக்டர் எனக்குக் கொடுத்த பெட்டியில் இன்னொன்று. இங்கிருந்து அங்கே போகும்போது மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாவிட்டால் அவர்கள் வாசித்தது எனக்கு வேகமாக, உயர்ந்து ஒலிக்கும். நான் அதற்கேற்ப உயர்த்திப் பாடி அனுப்புவேன். இங்கேயும் மாற்றாவிட்டால் என் குரல் மெதுவாகி, இறங்கி, அவன் கிடாரோடு கச்சிதமாகப் பொருந்திவிடும். ஒரு தப்பு இன்னொரு தப்பைச் சரிக்கட்டி மறைத்துவிட்டது. பாட்டு பொருந்தியது, பாடியவள்தான் போய்விட்டாள்.

“மாத்தணுமான்னு அதுவே கேக்குமேடா” என்றார் பல் டாக்டர். “ஒவ்வொரு தடவையும் கேக்குமே. ஆமா, வேண்டாம்னு ரெண்டு பொத்தான் வரும்ல?”

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் என்னைப் பார்த்தான்.

“நீ என்ன அழுத்தினே?” என்றேன்.

“நீ என்ன அழுத்தினே?”

“வேண்டாம்.”

“நானும் வேண்டாம்தான்.”

“அது என்ன கேக்குதுன்னு படிக்க மாட்டியா நீ?”

“நீ படிச்சியா?”

ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அண்ணி, “நல்ல குடும்பம்” என்று தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்குக் கோபம் திரும்பி வந்தது, அப்பாடா. இத்தனை வாரம் அலமாரிக்குள் வெந்தேன், குரல் போய்விட்டது என்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், எல்லாம் ஒரு பொத்தானுக்காகவா?

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?” என்று அவனைப் பிடித்துக்கொண்டேன். “குரல் ஆம்பளை மாதிரி இருக்குதுடி, என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். கனமா இருக்கு, அசதியா இருக்கு, ரெஸ்ட் எடு! யார் கேட்டா உன் ரெஸ்டை?”

“எப்படிச் சொல்றது? உனக்கு மனசு கஷ்டப்படுமேன்னு…”

“கஷ்டப்படட்டுமே!”

பல் டாக்டர் மெதுவாகச் சொன்னார். “ஒண்ணு கவனிச்சியா? இவ கிட்டத்தட்ட ஒரு கட்டை மேல ஏத்திப் பாடியிருக்கா. அந்த ‘விடு’ உடைஞ்சது வேற உயரத்துல. நம்ம பாட்டுக்கு அவ்வளவு வேணவே வேணாம்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சந்தோஷப்பட வேண்டிய இடம்தான். எனக்கோ பயம் கூடிவிட்டது. இத்தனை நாள், எட்டவில்லை என்றால் பாட்டு உயரம் என்றோ, அலமாரி சூடு என்றோ ஏதாவது சொல்லிக்கொள்ள இடம் இருந்தது. இனி இல்லை. சரியான சுதி, சரியான வேகம், நானே கட்டிய மெட்டு. இதிலும் உடைந்தால் உடைந்ததுதான். டாக்டரம்மா சொன்ன மெலிசான நரம்பு எங்கேயோ வெட்டுப்பட்டுக் கிடக்கிறது என்று அர்த்தம்.

“நாளைக்குப் பாடிக்கலாமா?” என்றார் வீட்டுக்காரர். “மூச்சு வாங்குது உனக்கு.”

“இப்பவே” என்றேன்.

சின்னவள் அவளாகவே வந்து தான் பாடியபோது போட்ட ஹெட்போனை எடுத்து என் கையில் கொடுத்தாள். “எனக்கு இந்தக் கத்தற பாட்டெல்லாம் பிடிக்கவே இல்லக்கா. மாமா கேட்டாரேன்னு பாடினேன்” என்று காதோரம் சொன்னாள். அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. நேரமில்லை.

மெத்தைக்கு முன்னால் நின்றேன். அண்ணன் போட்டான். முதல் சரணம் தானாக ஓடியது. என் காதில் இப்போது பாட்டு அகலமாக, கால் நீட்டிப் படுக்க இடம் இருப்பதாக இருந்தது. பல்லவியின் கடைசி நெருங்கியது. வயிற்றை இறுக்கினேன். ‘வழி’ என்று கீழே காலை ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு, வங்கி அதிகாரி போலவே மூடிக்கொண்டுதான், ‘விடு’ என்று விட்டேன்.

வந்தது.

முன்பு இருந்த மாதிரி வழுவழுப்பாக இல்லை. ஓரத்தில் ஒரு சிராய்ப்பு இருந்தது, பழைய குரலில் அது கிடையாது. ஆனால் வந்தது, நின்றது, நான் நீட்டச் சொன்ன வரைக்கும் நீண்டது. கிடார் வந்து கையில் வாங்கிக்கொண்டது. நான் கண்ணைத் திறந்தபோது என் வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அழுகிறாரா, தும்மலை அடக்குகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. மீதிப் பாட்டை எப்படிப் பாடினேன் என்றும் தெரியவில்லை.

முடிந்ததும் நான் அண்ணனின் முகத்தையே பார்த்தேன். அவன் ‘நல்லாத்தான் இருக்கு’ என்று இன்னொரு தடவை சொன்னால் அந்தக் கிடாரை எடுத்தே அடித்துவிடுவேன் என்று தோன்றியது.

அவன் கணினியை நிறுத்திவிட்டு நாற்காலியைத் திருப்பினான்.

“ரெண்டாவது சரணத்துல என்ன கிழிச்சே?” என்றான். “‘விடு’ வந்துடுச்சுன்னு மெதப்பா? அதுக்கப்புறம் ஒரு வரியாவது தாளத்துல நின்னுச்சா? டிரம்ஸ் ஒரு பக்கம் போகுது, நீ ஒரு பக்கம் போறே. கடைசி வரில சுதியே இல்ல. காதை எங்க அடகு வெச்சே? மறுபடி பாடு. முதல்லேருந்து.”

என் வீட்டுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. “மச்சான், என்ன இது? உடம்பு சரியில்லாதவளை இப்படியா பேசறது?”

“யாருக்கு உடம்பு சரியில்ல?” என்றான் அண்ணன், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஹெட்போனோடு, மைக்கோடு, எல்லோர் முன்னாலும், மூக்கு ஒழுக ஒழுக அழுதேன். அண்ணி ஓடிவந்து அவனைத் திட்டத் தொடங்கினாள். பல் டாக்டர் தண்ணீர் தேடிப் போனார். நான் கையை ஆட்டி, வேண்டாம் என்றேன்.

“போடா” என்றேன் அவனிடம், முகத்தைத் துடைத்துக்கொண்டு. “உன் கிடார்ல மூணாவது கம்பி இறங்கியிருக்கு. அதைச் சொல்ல ஆள் இல்லன்னு நினைச்சியா?”

“பாட வந்தியா, பஞ்சாயத்து பண்ண வந்தியா?” என்று கத்தினான்.

நானும் பதிலுக்குக் கத்தினேன். பிறகு அவன் முதலிலிருந்து போட்டான், நான் பாடினேன்.